ஹெல்மெட் கேமரா: வேகத்தைக் கூட்டும், சரிவைக் குறைக்கும்

கேள்வி இதுதான்: "மலைச்சரிவில் சைக்கிளில் பாய்கிறவர்கள், பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள், விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் ஹெல்மெட்டில் கேமரா மாட்டி எடுக்கும் வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிறேன். நானும் ஒன்று வாங்கி மாட்டினேன். என் வீடியோவை என்னாலேயே அரை நிமிடம் பார்க்க முடியவில்லை. கோளாறு என்னிடமா, கேமராவிடமா? கேமரா மாட்டினால் ஹெல்மெட்டின் பாதுகாப்பே போய்விடும் என்கிறார்களே, நிஜமா? கழற்றி வைத்துவிடுவதே மேலா?"

நான் மலைச்சைக்கிள் ஓட்டுகிறவன். கூட ஓட்டுகிறவர்களின் கேமராக்களில் சேரும் காட்சிகளை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வேலையும் பல வருடங்களாக என்னிடம்தான் வந்து விழுகிறது. அதனால் நல்ல காட்சிகளைப் போலப் பல மடங்கு சப்பையான காட்சிகளைப் பார்த்தாயிற்று. கோளாறு பெரும்பாலும் கேமராவிடம்தான். அது வேகத்தைக் கூட்டிக் காட்டும், சரிவைக் குறைத்துக் காட்டும். அதன் கவர்ச்சி, அது தரும் சலிப்பு, அதனால் வரும் ஆபத்தில் ஒரு பாதி, எல்லாம் இந்த இரண்டு பொய்களிலிருந்துதான் வருகின்றன.

முதலில் சரிவு. ஒரு செங்குத்தான இறக்கத்தின் விளிம்பில் நிற்கும்போது அது செங்குத்து என்று நமக்கு எப்படித் தெரிகிறது? கண் சொல்வது ஒரு பங்குதான். எது கீழ்த்திசை என்பதை உள்காதின் சமநிலை உறுப்பு சொல்கிறது. எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாதமும் கையும் சொல்கின்றன. நாம் எவ்வளவு குனிந்திருக்கிறோம் என்பது கழுத்துக்குத் தெரியும். இரண்டு கண்களில் விழும் சற்றே மாறுபட்ட பிம்பங்களை வைத்து, சில அடி தூரத்தில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தை மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. கேமராவுக்கு இருப்பது ஒற்றைக் கண். மற்ற எதுவும் அதனிடம் இல்லை. போதாக்குறைக்கு, ஓட்டுகிறவர் இறக்கத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்தால் கேமராவும் சேர்ந்து குனிகிறது. 30 டிகிரி சரிவை 30 டிகிரி குனிந்து பார்த்தால் திரையில் தெரிவது கிட்டத்தட்ட சமதரை. காட்டுப் பாதை என்றால் ஓரத்து மரங்கள் மட்டும் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்து நின்று குட்டை உடைக்கும். மரமே இல்லாத பனிச்சரிவில் அந்தத் துப்பும் கிடையாது.

அடுத்தது லென்ஸ். இந்தச் சின்ன கேமராக்களில் இருப்பது மிக அகலமான கோணம். முன்னால் 20 மீட்டரில் இருக்கும் பெரிய பள்ளம் திரையின் நடுவே கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் திரையின் ஓரங்களில் புதர்களும் கற்களும் இழுபட்டு, கோடு கோடாக விர்ரென்று பின்னால் போகும். நம் மூளை வேகத்தை அளக்கப் பெரிதும் நம்புவது இந்த ஓரத்து ஓட்டத்தைத்தான். நிதானமான வேகத்தில் போனாலும் அது பறப்பதாகத் தோன்றுவது அதனால்தான். கேமராவைத் தலையிலிருந்து நெஞ்சுக்கு இறக்கினால், தரைக்கு நெருக்கமாவதால் வேகம் இன்னும் ஒரு படி கூடித் தெரியும்.

மூன்றாவது, அதிர்வைத் துடைத்தெடுக்கும் மென்பொருள். 2018இல் கோப்ரோ நிறுவனத்தின் ஹீரோ 7 பிளாக் கேமராவில் ஹைப்பர்ஸ்மூத் என்ற பெயரில் இது வந்தது. கேமராவுக்குள் இருக்கும் கைரோ என்ற உணரி ஒவ்வொரு அசைவையும் அளக்கிறது. மென்பொருள் படத்தின் ஓரத்தில் கொஞ்சத்தைத் தியாகம் செய்து, அசைவுக்கு எதிர்த்திசையில் படச்சட்டகத்தை நகர்த்துகிறது. விளைவு, பல்லை ஆட்டும் பாறைப் பாதை கூட வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடும். தலைசுற்றல் இல்லாமல் பார்ப்பதற்கு இது பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் பாதை எவ்வளவு கரடுமுரடு என்பதைச் சொல்லிக்கொண்டிருந்த கடைசிச் சாட்சியும் அதோடு போயிற்று. அடிவானத்தைக் கிடையாகவே பூட்டி வைக்கும் வசதியை இயக்கிவிட்டால் வளைவில் சாய்வதும் தெரியாது.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நாங்கள் ஓட்டும் ஒரு பாதையில் வேர்கள் பின்னிய ஒரு படி இருக்கிறது. இடுப்பு உயரம் இருக்கும், மேலே ஈரப்பாசி, இறங்கியவுடன் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளைவிட்டு இறங்கி, எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்வாங்குவார்கள். ஹெல்மெட் கேமராவில் அந்தப் படி ஒரு நொடிதான் நீடிக்கிறது. வேர்கள் பாதையில் கிடக்கும் கயிறுகள் போலத் தெரியும். திரை லேசாகக் கீழே தாழும், எழும். முன்சக்கரம் சட்டகத்திலேயே இல்லை. அவ்வளவுதான். அதே படியைப் பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்தால் கதை வேறு: ஓட்டுகிறவரின் இடுப்பு பின்சக்கரத்துக்கு மேலே போகிறது, இரண்டு கைகளும் நீண்டு விறைக்கின்றன, முன் ஷாக் முழுசாக அமுங்குகிறது, பின்சக்கரம் ஒரு கணம் காற்றில் நின்று பாசியில் சறுக்கிப் பிடிக்கிறது. முதல் காட்சியை எடுத்தவருக்கு அது அந்த நாளின் மிகப் பயங்கரமான நொடி. பார்க்கிறவருக்கு அது அங்கே இருந்ததே தெரியாது. உங்கள் வீடியோ உங்களுக்கே சப்பென்று இருப்பதன் காரணம் இதுதான். உடம்பு நினைவில் வைத்திருப்பதில் பாதி கூடத் திரையில் இல்லை.

அப்படியென்றால் மற்றவர்களுடையது ஏன் கட்டிப்போடுகிறது? 2013இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ரெட் புல் ராம்பேஜ் போட்டியில் நியூசிலாந்தின் கெல்லி மெக்கேரி, 72 அடி அகலமுள்ள ஒரு பள்ளத்தாக்கைச் சைக்கிளில் பின்குட்டிக்கரணம் அடித்தபடியே தாண்டினார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் அவருடைய ஹெல்மெட் கேமராக் காட்சியை உலகமே பார்த்தது. அந்தக் காட்சியில் சரிவு தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தரை போய்விடுகிறது, வானம் வருகிறது, உலகம் தலைகீழாகிறது, மறுபடி தரை வருகிறது. கேமரா எதில் பலவீனமோ அதை அந்தக் கணம் கேட்கவில்லை. எதில் பலமோ அதை அள்ளிக் கொடுத்தது. விங்சூட் என்ற சிறகு உடையில் பாறைச்சுவரை உரசிப் பறப்பவர்களின் காட்சிகளும் இதே வகை. அங்கே பாறை சட்டகத்தின் ஓரத்திலேயே ஓடுகிறது, ஓரம்தான் இந்த லென்ஸின் கோட்டை. நீங்கள் பார்த்து மயங்கியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட காட்சிகளாகவே இருக்கும். சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அப்படி ஒரு கணம் வராது, வரவும் கூடாது.

இன்னொரு காரணம் ஒலி. இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. உலகக்கோப்பை டவுன்ஹில் சைக்கிள் போட்டிகளுக்கு முன்பு, சுவிட்சர்லாந்தின் சைக்கிள் வீரர் கிளாடியோ கலூரி தடத்தில் தானே ஓட்டிக்கொண்டு, கேமராவில் பேசிக்கொண்டே வழிகாட்டும் வீடியோக்கள் புகழ்பெற்றவை. படம் மற்ற ஹெல்மெட் கேமராப் படங்களைப் போன்றதுதான். ஆனால் அவர் கத்துகிறார், மூச்சு வாங்குகிறார், ஒரு பாறை வருவதற்கு முன்பே எச்சரிக்கிறார், தப்பியதும் சிரிக்கிறார். கேமரா தொலைத்த சரிவை அவர் குரல் மீட்டுத் தருகிறது. நான் வெட்டி ஒட்டும்போது செய்யும் முதல் வேலை, படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பது. மூச்சு, பிரேக்கின் கீச்சு, டயரின் கரகரப்பு கேட்கிற துண்டுகளைத் தனியே எடுத்து வைப்பேன். காற்றிரைச்சல் மட்டும் இருப்பவை பெரும்பாலும் குப்பைக்குத்தான். மேலே பாட்டைப் போட்டு மூடிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மிச்சமிருந்த உயிரும் போய்விடும். காற்றிரைச்சலைக் குறைக்க, மைக் துளையின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும்.

தலையில் கேமரா மாட்டுவது இந்தத் தலைமுறையின் பித்து என்று நினைத்துவிட வேண்டாம். 1978இல் கார்ல் போனிஷ், கலிஃபோர்னியாவின் எல் கேப்பிடன் பாறையிலிருந்து பாராசூட்டில் குதித்தவர்களைப் படமெடுத்தார். ஃபிலிம் கேமராவை ஹெல்மெட்டில் சுமந்து குதித்த முன்னோடிகளில் அவர் ஒருவர். 1984இல் நார்வேயில் குதிக்கும்போது இறந்தார். கோப்ரோ கதை வேறு மாதிரி தொடங்கியது. நிறுவனர் நிக் உட்மன் அலைச்சறுக்கு ஆடுகிறவர். 2004இல் அவர் விற்ற முதல் கேமரா மணிக்கட்டில் கட்டும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. சறுக்கும்போதே நண்பனைக் கைநீட்டிப் படமெடுப்பதற்கு ஏற்றது. அது தலைக்கு ஏறியது பிற்பாடு. என் பார்வையில் அந்த முதல் யோசனைதான் சரி, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படத்தின் தரம் பற்றி இரண்டு விஷயங்கள் மட்டும். ஒன்று, கேமராவின் கோணம். வீட்டில் நேராக நின்றுகொண்டு சரிபார்த்து மாட்டுவார்கள். பாதையில் சைக்கிள் மேல் முதுகை வளைத்துக் குனிந்ததும் திரை முழுக்கக் கைப்பிடியும் முன்சக்கரமும்தான் தெரியும். நீங்கள் எந்த நிலையில் ஓட்டுவீர்களோ அந்த நிலையில் உட்கார்ந்து கோணத்தை வையுங்கள், கண் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேலே பார்க்கட்டும். இரண்டாவது, காடு. இலைகளும் சரளையும் ஒவ்வொரு சட்டகத்திலும் மொத்தமாக மாறுகின்றன. வீடியோவைச் சுருக்கும் முறை, மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் விடுவதை நம்பியிருப்பது. எல்லாமே மாறினால் அது திணறிப்போகும். இணையத்தில் ஏற்றும்போது இன்னொரு முறை சுருக்குவார்கள். கடைசியில் காட்டுப்பாதை கலங்கிய பச்சைக் கூழாகத்தான் வரும். பனி, பாறை, பாலைவனம், வானம் ஆகியவை திரையில் பளிச்சென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கேமரா மட்டம் என்று எண்ணி அடுத்ததை வாங்கிவிடாதீர்கள்.

இனி ஹெல்மெட். கேமரா மாட்டினால் ஹெல்மெட்டே வீண் என்பது மிகை. ஒன்றுமே ஆகாது என்பதும் தப்பு. ஹெல்மெட் இரண்டு வழியில் காப்பாற்றுகிறது. உள்ளே இருக்கும் நுரை நசுங்கி அடியின் விசையை உள்வாங்குகிறது. வழவழப்பான உருண்டை ஓடு தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. நிஜத்தில் பெரும்பாலும் யாரும் செங்குத்தாகத் தரையில் விழுவதில்லை, சாய்வாகத்தான் விழுகிறார்கள். ஓடு வழுக்காமல் எதிலாவது மாட்டிக்கொண்டால் தலை சட்டென்று முறுக்கப்படுகிறது. மூளைக்கு அந்த முறுக்குச் சுழற்சி நேரடி அடியைவிடக் கெடுதலாக இருக்கலாம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் சைக்கிள் ஹெல்மெட் விதி இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது: ஓட்டின் மேற்பரப்பிலிருந்து 7 மி.மீ.க்கு மேல் துருத்தும் எதுவும் மோதலில் உடைந்து விழ வேண்டும் அல்லது மடங்க வேண்டும். கேமராவும் தாங்கியும் சேர்ந்து சில சென்டிமீட்டர் துருத்துகின்றன. அந்தத் தாங்கியை ஒட்டும் பசைப்பட்டை எளிதில் கழலாமல் இருப்பதற்காகவே செய்யப்படுகிறது. ஹெல்மெட்டுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் பனிச்சறுக்கு மையத்தில் முன்னாள் கார்ப்பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பாறையில் மோதித் தலையில் படுகாயம் அடைந்தபோது அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. காயத்தை அது மோசமாக்கியதா என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்தச் சம்பவத்தைக் காட்டிக் கேமராவே எமன் என்று வாதிடுகிறவர்களை நம்பாதீர்கள். அதே கேமராவின் பதிவுதான் விபத்து எப்படி நடந்தது என்று விசாரிக்க உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு என் வழி இது. ஹெல்மெட்டில் ஒருபோதும் துளை போடாதீர்கள். கண்ட பசையையும் தடவாதீர்கள், அதிலுள்ள சில கரைப்பான்கள் ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேலோட்டைப் பலவீனமாக்கிவிடும். உச்சந்தலையில் கொம்பு போல நிறுத்தாதீர்கள். அங்கே நெம்புகோல் நீளம் அதிகம், கிளையில் மாட்டும் வாய்ப்பும் அதிகம். தாடையையும் மூடும் முழுமுக ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதியில் தாழ்வாக வைப்பது காட்சிக்கும் நல்லது, கழுத்துக்கும் நல்லது. கேமரா 150 கிராம் சொச்சம், சாதாரணச் சைக்கிள் ஹெல்மெட்டே 300, 400 கிராம்தான். அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது பொருட்டுதான். கேமரா தொலைந்துவிடும் என்று பயந்து அதைக் கயிறு போட்டு ஹெல்மெட்டோடு கட்டுகிறார்கள், அது வேண்டாம். உடைந்து பறந்தால் பறக்கட்டும். ஹெல்மெட் தயாரித்தவர்களே தாங்கி கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். போட்டிகளில் கலந்துகொண்டால் விதியை முன்கூட்டியே பாருங்கள், ஹெல்மெட்டில் எதையும் ஒட்டக்கூடாது என்று சொல்லும் போட்டிகள் உண்டு.

விளையாட்டுக்கு விளையாட்டு ஆபத்தின் முகம் மாறும். ஆற்றில் கயாக் என்ற சின்னத் துடுப்புப்படகு ஓட்டுகிறவருக்குக் கவலை மோதல் மட்டும் அல்ல, மாட்டிக்கொள்வதும்தான். நீருக்கடியில் ஒரு கிளையோ மீட்புக்கயிறோ கேமராத் தாங்கியில் சிக்கினால் தலையே நங்கூரமாகிவிடும். பாராசூட்டில் குதிக்கிறவருக்குத் தாங்கியில் சிக்கக் காத்திருப்பது விரியும் பாராசூட்டின் நூல்கள். அதனால்தான் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் ஹெல்மெட்டுகளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க பாராசூட் சங்கம், குறைந்தது 200 முறையாவது குதித்த பிறகே கேமராவைத் தொடச் சொல்லிப் பரிந்துரைக்கிறது. புதியவர்கள் "இத்தனை சின்ன கேமராவுக்கு இத்தனை பெரிய விதியா?" என்று முகம் சுளிப்பார்கள். கேமராவின் பருமனைப் பார்த்து வந்த விதி அல்ல அது. 1988இல் வட கரோலினாவில், 800 முறைக்கு மேல் குதித்த ஒரு அனுபவசாலி, மற்றவர்களைப் படமெடுக்கக் கேமராவோடு விமானத்திலிருந்து குதித்தார். பாராசூட்டை மாட்ட மறந்திருந்தார். கேமரா கவனத்தை எவ்வளவு தின்னும் என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

பனிச்சரிவு பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் இது தெரியாமலே பலர் கேமராவைத் தலையிலிருந்து நெஞ்சுக்கு மாற்றுகிறார்கள். பனி சரிந்து விழுந்து அதில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்சீவர் என்ற ரேடியோக் கருவி 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது, அதையும் நெஞ்சில்தான் கட்டுவார்கள். கேமரா, செல்போன் போன்றவை பக்கத்தில் இருந்தால் அதன் சமிக்ஞை குழம்பும். அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. இடைவெளி என்பது வழக்கமான விதி. பனியில் நெஞ்சுக் கேமரா வேண்டவே வேண்டாம் என்பேன். அங்கே தலைதான் பரவாயில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பொருளின் கோளாறு. மனதின் கோளாறு இதைவிடப் பெரிது. பனி சரிந்து விழும் விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்காமன், 2004இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளைப் பார்த்தார். ஆபத்தின் அறிகுறிகள் கண்முன்னே இருந்தும் விவரம் தெரிந்தவர்களே ஏன் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் கேள்வி. மனம் எடுக்கும் குறுக்குவழிகள் சிலவற்றை அவர் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்று, கூட இருப்பவர்களின் மெச்சுதலைப் பெற விரும்புவது. அந்த ஆய்வு சின்ன கேமராக்கள் வருவதற்கு முந்தையது. அப்போது மெச்சுவதற்குக் கூட வந்த நாலு பேர்தான் இருந்தார்கள். இப்போது தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் பார்வையாளர் கூட்டம் முழுவதும் சரிவின் உச்சியில் வந்து நிற்கிறது. கேமரா ஓடும்போது வரும் அசட்டுத் துணிச்சலை ஆங்கிலம் பேசும் பனிச்சறுக்குக்காரர்கள் ஃபிலிம் காலத்திலிருந்தே, ஃபிலிம் விற்ற கோடாக் நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து, 'கோடாக் துணிச்சல்' என்று கிண்டலடிப்பார்கள்.

நான் கவனித்தவரை அந்தத் துணிச்சல் நேராகப் "பெரிதாகக் குதி" என்று சொல்லாது. நைச்சியமாக வரும். கீழே வந்து வீடியோவைப் பார்க்கிறோம், அந்த வேர்ப்படி ஒன்றுமில்லாததாகத் தெரிகிறது. "இவ்வளவுதானா? நாம்தான் அநாவசியமாகப் பயந்தோம்போல" என்று தோன்றுகிறது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் உயரம். கேமரா குறைத்துக் காட்டியதை ஈடுகட்ட ஓட்டுகிறவர் கூட்டுகிறார். திரையில் மறுபடியும் ஒன்றுமில்லாததாகத்தான் தெரியும், ஏனென்றால் லென்ஸ் மாறவில்லை. இந்தப் பந்தயத்தில் லென்ஸை யாரும் ஜெயிக்க முடியாது.

பார்க்கிறவர் பக்கமும் இதே பொறிதான். ஒரு பாதைக்குப் போகுமுன் அதன் வீடியோவைத் தேடிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. திருப்பங்கள் எங்கே, பிரிவுகள் எங்கே, எங்கே நிற்கலாம் என்று தெரிந்துகொள்ள அது அருமையான உதவி. ஆனால் "என்னால் முடியுமா" என்ற கேள்விக்கு ஹெல்மெட் கேமராவிடம் பதில் கேட்காதீர்கள். திரையில் எளிதாகத் தெரிவது நிஜத்தில் ஒன்றரை மடங்கு கடினம் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரையிலேயே கடினமாகத் தெரிந்தால் நடந்து போய்ப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஒன்றரை மடங்கு என்பது அளந்த எண் அல்ல, என் கைக்கணக்கு. ஆனாலும் இதுவரை பெரிதாக ஏமாற்றவில்லை.

கேமரா இருந்தால் அனுபவமே போய்விடும், நினைவில் நிற்காது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. 2014இல் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஓர் ஆய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஹெல்மெட் கேமராவுக்கு இதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம். இங்கே யாரும் நின்று குறிபார்த்துப் பொத்தானை அழுத்துவதில்லை, மாட்டிய பிறகு அது இருப்பதே மறந்துவிடும். பிற்பாடு நடப்பதுதான் எனக்குக் கவலை. ஒரே காட்சியை நாலு தடவை பார்த்த பிறகு, அந்த இறக்கத்தை நினைத்தால் நினைவுக்கு வருவது திரையில் பார்த்ததுதான். கையின் நடுக்கமும் வயிற்றைப் பிசைந்ததும் தேய்ந்துபோய், தட்டையான அகலக்கோணப் படம் மட்டும் மிஞ்சுகிறது. இதனால் எனக்குப் பிடித்த ஓட்டங்களின் பதிவுகளை நான் உடனே பார்ப்பதில்லை, சில வாரம் கிடப்பில் போடுவேன்.

திருத்திக்கொள்வதற்கு உதவுமா என்றால், எதைத் திருத்துவது என்பதைப் பொறுத்தது. எந்தக் கோட்டில் போனோம், பிரேக்கை எங்கே பிடித்தோம், எங்கே தயங்கினோம் என்பதெல்லாம் தெரியும். முழங்கை விரிந்திருந்ததா, இடுப்பு எங்கே இருந்தது என்பது தெரியாது, ஏனென்றால் நீங்கள் சட்டகத்திலேயே இல்லை. "பார்வையை எங்கே வைத்தேன்" என்பதற்கும் அது நல்ல சாட்சி அல்ல. கேமரா காட்டுவது தலை திரும்பிய திசையை, தலை அசையாமலே கண் மட்டும் ஓடும். பயிற்சியாளர்கள் பக்கத்தில் நின்று எடுக்கும் படத்தையே விரும்புவது இதனால்தான். விபத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஆராய்வதிலும், பனிச்சரிவு மீட்பைக் கற்றுக்கொடுப்பதிலும் ஹெல்மெட் பதிவுக்கு ஈடு இல்லை. அங்கே யாரும் நடிக்கவில்லை, யாரும் கோணம் பார்க்கவில்லை.

போகிற போக்கில் ஒன்று. புதிய கேமராக்கள் பல, போன இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பைக் கோப்பிலேயே எழுதி வைக்கும். மூடப்பட்ட பாதையிலோ அனுமதியில்லாத சரிவிலோ எடுத்ததை ஏற்றினால் அது உங்களுக்கு எதிரான வாக்குமூலம். பாதை நிரந்தரமாக மூடப்பட அதுவே காரணமாகவும் ஆகலாம். விழுந்து கிடப்பவரின் முகத்தை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். இதற்கு மேல் இதை விளக்கத் தேவையில்லை.

கழற்றி வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வேறொருவர் தலைக்கு மாற்றுங்கள். உட்மனின் மணிக்கட்டுக் கேமராவைச் சொன்னேனே, அது இன்னொருவரைப் படமெடுக்கத்தான் உருவானது. உங்களுக்குப் பின்னால் ஓட்டுகிறவர் அதை மாட்டிக்கொண்டு உங்களைத் தொடரட்டும். சட்டகத்தில் ஒரு மனித உடம்பு வந்துவிட்டால் அளவு வந்துவிடும். அது திடீரென்று மறைந்தால் அங்கே ஒரு பள்ளம், அதன் இடுப்பு பின்னுக்குப் போனால் அங்கே ஒரு சரிவு. லென்ஸ் தொலைத்ததை முன்னால் போகிறவரின் உடம்பு சொல்லிவிடும். பின்தொடர்கிறவர் இருவரில் நிதானமானவராக இருக்க வேண்டும். முன்னவர் விழுந்தால் நின்றுவிடும் அளவுக்கு இடைவெளி கட்டாயம், காட்சிக்காக நெருங்கினால் ஒருவர் விழும் இடத்தில் இருவர் விழுவார்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கடினமான ஓரிரு இடங்களில் யாராவது இறங்கிப் பக்கத்தில் நின்று செல்போனில் எடுக்கட்டும். இந்த மூன்றையும் கலந்து, எந்தத் துண்டும் ஐந்தாறு நொடிக்கு மேல் போகாமல், இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். தனியாகவே ஓட்டுகிறவர் என்றால் வாரக்கணக்கில் சேரும் பதிவில் பெரும்பகுதியை யாரும் பார்க்கப்போவதில்லை. 4கேயில், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் 45 ஜிபி ஆகிறது. புதுப் பாதையைப் படித்து வைக்க மட்டும் மாட்டுங்கள், பழகிய பாதையில் பையிலேயே கிடக்கட்டும்.